பொன்முடியில் நைட் டூட்டி

"கம்பியைப் பிடிச்சுக்கோங்கட்டி!" என்று கத்திக்கொண்டே எலிசாள் ஜீப்பை ஓடைக்குள் இறக்கினாள்.

தண்ணீர் இரண்டு பக்கமும் தெறித்தது. பின்னால் இருந்த சூடாமணியும் பங்கஜாட்சியும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரு சக்கரம் பாறையில் வழுக்கியது. வண்டி சாய்ந்து, உறுமி, எப்படியோ அக்கரை ஏறிவிட்டது.

"இன்னொரு தடவை போலாமாடி?" என்றாள் சூடாமணி. முகமெல்லாம் சேறு.

"இவளைப் பாரேன். அடிவாரத்து வித்துராவிலேர்ந்து இங்க வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு ஸ்லோகம் சொன்னவ!" என்றாள் எலிசாள்.

மூவரும் திருவனந்தபுரம் எக்சேஞ்சில் டெலிபோன் ஆபரேட்டர்கள். மூவருக்கும் ஒரே நாளில் ஆஃப் கிடைத்தது இதுதான் முதல் தடவை. எலிசாளின் சித்தப்பா பொன்முடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கிளார்க். மேனேஜர் கிறிஸ்துமஸ் லீவில் போயிருந்ததால், காலியாகக் கிடந்த மரவீட்டையும் ஜீப்பையும் ஒரு ராத்திரிக்குத் தந்திருந்தார்.

மற்ற இருவரும் வீட்டில் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். சூடாமணி மட்டும் நைட் டூட்டி என்று சொல்லியிருந்தாள். வலியசாலையில் அவள் மாமியாருக்கு நைட் டூட்டி என்றாலே ஆகாது. "ஏதாவது ஒண்ணு என் காதிலே விழுந்தா, அன்னிக்கே வேலையை விட்டுடணும்" என்று கணவன் ஸ்ரீகண்டனும் போன மாதம் சொல்லிவிட்டான்.

"உங்க வீட்டுக்காரர் எக்சேஞ்சுக்குப் போன் பண்ணினா என்னட்டி செய்வே?" என்றாள் எலிசாள்.

"அவர் இதுவரைக்கும் பண்ணினதே இல்லே."

"பண்ணினா போச்சு. இன்னைக்கு நைட் சூப்பர்வைசர் ரத்னாபாய்லா. 'அவளுக்கு இன்னைக்கு ஆஃப்'னு பட்டுன்னு சொல்லிருவா. பிறவு நீ வீட்டிலே இருந்து தோசைதான் சுடணும்."

"பயமுறுத்தாதேடி. வண்டியைத் திருப்பு. இன்னொரு தடவை."

இன்னும் இரண்டு தடவை ஓடையில் இறங்கி ஏறினார்கள்.

இருட்டியதும் எஸ்டேட் ஆட்களின் கேரல் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ப் பாடினார்கள். சூடாமணிக்கு ஒரு பாட்டும் தெரியாது; கையை மட்டும் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள். திரும்பி வரும்போது மூவருக்கும் பல் கிட்டியது.

"எந்தொரு தணுப்பு!" என்று பங்கஜாட்சி கணப்பில் விறகை அடுக்கினாள். தீ பிடித்ததும் கம்பளியை மூடிக்கொண்டு எழுந்து, மூக்குக்கண்ணாடியை நுனி மூக்குக்கு இறக்குவதுபோல விரலை வைத்தாள்.

"ஆபரேட்டர்! சிரிக்கணும்னா வீட்டுல போய்ச் சிரி. இது சர்க்கார் லைன்!"

ரத்னாபாயேதான். சூடாமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மேடம் ஏன் எப்பவும் நைட் டூட்டியைக் கேட்டு வாங்கறா?"

"வீட்டிலே ஆரு இருக்கா? திட்டுறதுக்கு நம்மதானே வேணும்" என்றாள் எலிசாள்.

பங்கஜாட்சி படகு வலிக்கும் வஞ்சிப்பாட்டு ஒன்றை எடுத்தாள். மற்ற இருவரும் உட்கார்ந்தபடியே வெறுங்கையால் துடுப்புப் போட்டார்கள். அப்போது மூலையில் இருந்த டெலிபோன் மணி அடித்தது.

பக்கத்தில் இருந்தவள் சூடாமணி. கை தானாகப் போய் எடுத்துவிட்டது.

"நம்பர் ப்ளீஸ்!"

"ஏட்டி, இது வீடுட்டி!" என்று எலிசாள் கிசுகிசுத்தாள்.

"சூடாமணியா? நான்தான். எதிராத்து வக்கீல் ஆத்திலேர்ந்து பேசறேன்."

சூடாமணி சட்டென்று திரும்பினாள். 'அவர்' என்று தோழிகளிடம் வாயை மட்டும் அசைத்தாள்.

"சொல்லுங்கோன்னா."

"ஒண்ணுமில்லே. அம்மாதான், டூட்டியிலே இருக்காளான்னு ஒரு வார்த்தை கேளேன்னா. ஆமா, அங்கே ஒரு சத்தத்தையும் காணுமே?"

சூடாமணி ரிசீவரைக் காதிலிருந்து சற்றே தள்ளிப் பிடித்தாள். பங்கஜாட்சிக்குப் புரிந்துவிட்டது. கம்பளியோடு துள்ளி எழுந்தாள்.

"ஹலோ கொல்லம்! கொல்லம்! லைன் என்கேஜ்ட்!"

எலிசாள் கரண்டியால் செம்பைத் தட்டினாள். "நாகர்கோவில், ஸ்பீக் ஆன்! த்ரீ மினிட்ஸ் ஓவர், சார்!"

"சரி சரி, வேலையைப் பார். வெச்சுடறேன்" என்றான் ஸ்ரீகண்டன்.

ரிசீவரும் கையுமாக நின்ற சூடாமணியை எலிசாள் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். பங்கஜாட்சி தரையில் உருண்டு சிரித்தாள். "எக்சேஞ்சுக்குப் போட்டது இங்கே எப்படிட்டி வந்தது?" என்றாள் எலிசாள்.

ரிசீவருக்குள் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"சூடாமணி."

ரத்னாபாயின் குரல் மூவருக்கும் கேட்டது. சிரிப்பு நின்றது.

"மேடம்..."

"நீ சுவிட்ச்போர்டுல இருக்கேன்னு உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி, வித்துரா வழியா போட்டுத் தந்தேன். எலிசாள் அவ சித்தப்பாவுக்கு டிரங்க் கால் போட்டு இந்த வீட்டைக் கேட்டது என் டெஸ்குலயும் கேட்டுது பிள்ளே."

சூடாமணி ரிசீவரைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"காலையிலே நேரா வீட்டுக்குப் போயிராதே. இங்க வந்து முகத்தைக் கழுவிக்கிட்டு, ஷிஃப்ட் விடும்போது எல்லாரோடயும் சேர்ந்து வெளியே போ."

"சரி மேடம்."

"அங்க குளிரா?"

"நல்ல குளிர் மேடம். கணப்பு மூட்டியிருக்கோம்."

"ம். இங்க இந்நேரத்துக்குப் போர்டு சும்மாதான் கெடக்கு. வித்துரா லைன் எத்தனையோ பேருக்குப் போட்டுக் குடுத்திருக்கேன். அந்தப் பக்கம் வந்ததில்லை." மறுபடி தொண்டையைக் கனைத்தாள். "சரி, வை."

ஆனால் ரத்னாபாய் லைனை வெட்டவில்லை.

"என்ன சொல்லுதா?" என்று எலிசாள் பயத்தோடு கேட்டாள்.

"ஒண்ணுமில்லே. நீ பாடு பங்கஜாட்சி."

பங்கஜாட்சி விட்ட இடத்திலிருந்து வஞ்சிப்பாட்டை எடுத்தாள். எலிசாள் மறுபடி செம்பில் தாளம் போட ஆரம்பித்தாள். சூடாமணி ரிசீவரை மாட்டாமல், பாட்டு கேட்கும்படி கணப்பைப் பார்க்க ஸ்டூலின் மேல் படுக்க வைத்துவிட்டு, வந்து துடுப்புப் போட உட்கார்ந்தாள்.