மூலையில் ஒரு சொல்

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள்ளேயே தாரகைக்கு அலுத்துவிட்டது. கல்லூரிக் குறும்படத்துக்கு ஆள் அமர்த்தக் காசில்லாமல் அப்பா சிவராசுவையும் அம்மா கோமதியையுமே நடிக்க வைத்திருந்தாள். வேலை போன ஒருவன் அதை மனைவியிடம் சொல்லும் காட்சி. அப்பாவுக்கு ஒரே ஒரு வசனம்தான்.

சட்டப்படி எந்தக் கேமராவும் எடுத்த காட்சியின் மூலையில் 'நடிப்பு' என்றோ 'உண்மை' என்றோ தானாகவே பொறித்துவிடும். 'நடிப்பு' என்று வந்தால்தான் கல்லூரியில் அதைக் கதைப்படமாக ஏற்பார்கள். அப்பா பேசிய ஒவ்வொரு டேக்கிலும் 'உண்மை' என்றே வந்து தொலைத்தது.

"கொஞ்சம் நடிங்கப்பா!"

"நானென்ன கண்ணு பண்றது?" சிவராசு முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மனைவியின் எதிரில் போய் நின்றார். "கோமதி, எனக்கு வேலை போயிருச்சு."

'உண்மை.'

வாடகைக் கேமராதான் பழுது என்று நினைத்த தாரகை அதை அம்மா பக்கம் திருப்பினாள். "அம்மா, உங்களுக்கு வயசு இருபதுன்னு சொல்லுங்க."

கோமதி சிரித்துக்கொண்டே சொன்னாள். 'நடிப்பு' என்று பளிச்சென்று வந்தது.

கேமராவுக்கு ஒன்றுமில்லை. கோமதியின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அப்ப, நேத்து கட்டிக் குடுத்த சோத்த எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?"

சிவராசு மகளைத்தான் பார்த்தார்.

"இன்னொரு டேக் எடு கண்ணு. இந்தவாட்டி நல்லா நடிச்சர்றேன்."