வெர்னா பறித்த இடம்

கேன்டீன் மேசையில் ஜோலின் அந்தத் தடிப் புத்தகத்தை வைத்திருந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ்கள் படிக்கிற புத்தகம். போகிறவர் வருகிறவர் எல்லோர் கண்ணிலும் அட்டை படுகிற மாதிரிதான் வைத்திருந்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த வெர்னா சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். படிக்கிறவள் வீட்டில் படிக்க வேண்டியதுதானே, இங்கே கொண்டுவந்து யாருக்குக் காட்டுகிறாள்?

கனடாவில் ரெஜைனா நகரத்து ஆஸ்பத்திரி அது. வெர்னா கீழ்த்தளத்தில் சர்க்கரைக்காரர்களின் கால் புண் பார்க்கிற கிளினிக்கில் நர்ஸ். புண்ணைத் துடைத்து, கட்டு மாற்றி, இறுக்கமான ஷூ போடாதே என்று சொல்லி அனுப்ப வேண்டும். காலையில் வந்து சாயங்காலம் போய்விடலாம், சனி ஞாயிறு லீவு. ஆனால் டாக்டர்களுக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. ஐ.சி.யு. நர்ஸ் என்றால் அதே டாக்டர்கள் நின்று, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பார்கள்.

அந்த மரியாதை ஜோலினுக்குக் கிடைக்கப் போகிறதாம். மேல்மாடி ஆபரேஷன் வார்டில் பகலும் இரவுமாக மாறி மாறி அல்லாடுகிறவள் அவள். ஐ.சி.யு.வில் பயிற்சிக்கு ஒரே ஒரு இடம் காலி என்று பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஏற்கெனவே வீட்டுக்குப் போகிற நோயாளிகள் சாக்லேட் டப்பா கொடுப்பதெல்லாம் ஜோலினுக்குத்தான். வெர்னாவிடம் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் நன்றி சொன்னாலே பெரிது.

ஜோலின் பாதிச் சாப்பாட்டில் போனை எடுத்துக் கெஞ்ச ஆரம்பித்தாள். இந்த வாரமும் இரவு டியூட்டியாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பெண் இனி ராத்திரிக்கு வரவே மாட்டேன் என்கிறாளாம். கைப்பிள்ளைக்காரிக்கு ஐ.சி.யு. கேட்குதா என்று வெர்னா உள்ளுக்குள் பொருமினாள். அவளுக்கும் இளவயதில் அந்த ஆசை இருந்தது. அன்றைக்கு பயந்து விட்டுவிட்டாள்.

"வெள்ளிக்கிழமையோட அப்ளிகேஷன் முடியுது," என்றாள் ஜோலின், போனை வைத்துவிட்டு. "துணிச்சல் இருக்கறவங்கதான் போடுவாங்க. உங்களுக்கென்ன வெர்னா, நிம்மதியா கால் பாத்துக்கிட்டு இருக்கீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரித்துக்கொண்டு பேசுகிறவளை நம்பக் கூடாது என்று வெர்னாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் சிரிப்பைப் பார்க்கவில்லை. 'கால்' என்கிற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது.

நேரே யூனியன்காரர் ரேமண்டிடம் போனாள். அந்த ஆஸ்பத்திரியில் எந்த வேலை காலியானாலும் பலகையில் ஒட்டுவார்கள். கேட்கிற நர்ஸ்களில் யார் சீனியரோ அவருக்குத்தான் வேலை. கெட்டிக்காரத்தனம், மேனேஜர் தயவு, சிரித்த முகம் எதுவும் செல்லாது.

"ஜோலின் எனக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டாள்.

"கீழதான். ஆனா உனக்கு அடுத்தது அவதான். உன்னைத் தவிர அவளை யாராலயும் தாண்ட முடியாது," என்றார் ரேமண்ட்.

அதோடு விடாமல், கையெழுத்துப் போட்டால் போட்டதுதான், பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது என்றார். ஐ.சி.யு.வில் கிறிஸ்துமஸ் என்றும் பார்க்காமல் ராத்திரி டியூட்டி போடுவார்கள், இந்த வயதில் உன் முதுகு தாங்குமா என்றும் கேட்டார். இவரையும் ஜோலின் கைக்குள் போட்டுக்கொண்டாளோ என்று வெர்னாவுக்குச் சந்தேகம் வந்தது.

"நிஜமாவே அந்த வேலை வேணுமா உனக்கு, இல்ல அவளுக்குக் கிடைக்கக் கூடாதா?" என்றார் கடைசியில்.

வெர்னா எழுந்து வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை, நேரம் முடிகிற தறுவாயில், யாரிடமும் மூச்சு விடாமல் விண்ணப்பம் போட்டாள். அடுத்த வாரமே ஒரு நாள் காலையில் கூப்பிட்டு, இடம் உனக்குத்தான் என்றார்கள். கையெழுத்துப் போடும்போது ரேமண்ட் சொன்னது கொஞ்சம் நெருடியது. டாக்டர்கள் ஜோலினைச் சுற்றி நின்று யோசனை கேட்பதுபோல் ஒரு நினைப்பு வந்தது. உடனே போட்டுவிட்டாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகாமல் மேல்மாடிக்குப் போனாள். அந்த முகம் சுருங்குவதைப் பார்த்தால்தான் அவளுக்கு வயிறு நிறையும். வார்டில் ஜோலின் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எங்கேயோ போய்விட்டு மூச்சு வாங்கப் படியேறி வந்தாள்.

"ஐ.சி.யு. இடம் எனக்கு வந்திடுச்சும்மா," என்றாள் வெர்னா. "என்ன செய்யறது, நான் சீனியராப் போயிட்டேன். நீ சின்னவ, இன்னொரு வாய்ப்பு வராமலா போயிடும்."

ஜோலின் கண் கலங்கிவிட்டது. வெர்னாவுக்கு உள்ளே இனித்தது. எத்தனை நாள் வெந்த வயிறு, இப்போதுதான் குளிர்ந்தது. நன்றாக அழட்டும் என்று நின்று பார்த்தாள்.

ஜோலின் அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். வெகுநேரம் விடவேயில்லை.

"சரி சரி, மனசைத் தேத்திக்கோ," என்று அவள் முதுகைத் தட்டினாள் வெர்னா. "அடுத்த தடவை நீ போடறப்ப நானே உனக்காக ஒரு வார்த்தை சொல்றேன்."

"நான் அதுக்குப் போடவே இல்லியே, வெர்னா. உங்க கிளினிக் வேலைய பலகைல ஒட்டிட்டாங்க, அதுக்குத்தான் இப்ப போட்டுட்டு வரேன்."