ஊமைக்கோட்டானின் தப்புகள்

"இன்னிக்கும் ஒரு தப்பு! கதவைத் திறந்தா அலமாரியில போய் இடிக்குதுங்க! படிச்சவன் போடற பிளானா அது?"

வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கணவனிடம் பொரிந்து தள்ளினாள் சாம்பிள் அக்கா.

வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து தரும் ஆபீஸ் அது. துணி, பலகை, டைல்ஸ் எல்லாவற்றிலும் சாம்பிள் எடுத்து வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவது அவள் வேலை. பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அங்கே கம்ப்யூட்டரில் பிளான் வரையும் டிராஃப்ட்ஸ்மேனுக்கு வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அவனுக்கு இவள் வைத்த பெயர் ஊமைக்கோட்டான்.

"சரி, நீ என்ன பண்ணினே?"

"என்ன பண்றது? அவன் சாப்பிடப் போன நேரத்துல வழக்கம்போல நானே சரி பண்ணி வச்சேன்."

பஸ் ஓட்டும் கணவன் சிரித்தான். "அப்போ அவன் வண்டிக்கு நீதான் பிரேக்குன்னு சொல்லு."

"பின்னே? நான் மட்டும் இல்லேன்னா அவன் வேலை எப்பவோ போயிருக்கும்!"

சொல்லும்போதே அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நாற்பத்து மூன்று வயதில் ஆசைப்பட்டு கம்ப்யூட்டர் டிராயிங் வகுப்பில் சேர்ந்தவள். ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் தனக்கென்று ஒரு நாற்காலி, அவ்வளவுதான் அவள் கனவு. ஆனால் வகுப்பில் வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் கம்ப்யூட்டர் கிடைக்கும். வீட்டிலோ அதுவும் இல்லை. கை பழகாமல் எப்படி வரும்?

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மதியம், ஊமைக்கோட்டான் பிளானைத் திறந்தபடியே போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். சும்மா எட்டிப் பார்த்தாள். சமையலறையில் ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தான். கதவு பாதிகூடத் திறக்காது. பாவம், திட்டு வாங்குவானே என்று தட்டுத் தடுமாறி ஃபிரிட்ஜை நகர்த்தி வைத்தாள். அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது.

திரும்பி வந்தவன் திரையைப் பார்த்தான். இவளைப் பார்த்தான். மறுபடி வேலையில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று முதல் தினமும் இதே கதை. ஒரு நாள் சுவிட்ச் போர்டு பீரோவுக்குப் பின்னால் இருக்கும். இன்னொரு நாள் மூலையில் இரண்டு இழுப்பறைகள் ஒன்றையொன்று இழுக்கவிடாமல் முட்டி நிற்கும். நாளுக்கு நாள் அவன் மோசமாகிக்கொண்டே போனான். இவளும் சளைக்கவில்லை. இப்போதெல்லாம் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு, மீதி நேரத்தில் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

கணவனிடம் பொரிந்த மறுநாள் காலை, ஆபீஸ் முதலாளி மேடம் எல்லோரையும் கூப்பிட்டார்.

"இந்த மாசத்துல இருந்து இவர்தான் நம்ம தலைமை டிராஃப்ட்ஸ்மேன்."

ஊமைக்கோட்டான் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எல்லோரும் கை தட்டினார்கள். சாம்பிள் அக்காவுக்கு மட்டும் வயிறு எரிந்தது. உழைப்பு இவளுடையது, பதவி அவனுக்கா?

ஆபீஸ் கம்ப்யூட்டரை அனுமதி இல்லாமல் தொட்டது தெரிந்தால் தன் வேலைக்கே உலை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வருவது வரட்டும் என்று மேடம் அறைக்குள் நுழைந்துவிட்டாள்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. மூணு மாசமா அவர் பிளானையெல்லாம் திருத்தறது நான்தான். நேத்துகூட படுக்கையறைக் கதவு அலமாரியில இடிச்சுது."

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஊமைக்கோட்டானை உள்ளே வரச் சொல்லிவிட்டு, தன் கம்ப்யூட்டரில் அந்தப் பிளானைத் திறந்தார்.

"இதுதானே? கதவு எங்கேயும் இடிக்கலையே."

"அது நான் சரி பண்ணினது மேடம்!"

"இல்லக்கா. இது முந்தாநாளே எனக்கு வந்துடுச்சு. தச்சர் இதைப் பார்த்துதான் அலமாரி அடிச்சுக்கிட்டிருக்கார்."

"அப்போ அந்த இழுப்பறை? சுவிட்ச் போர்டு?"

மேடம் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். எல்லாம் கச்சிதமாக இருந்தன. எல்லாமே இவள் கை வைப்பதற்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்னால் வந்து சேர்ந்தவை.

சாம்பிள் அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பொய் சொன்னவள் மாதிரி ஆகிவிட்டதே!

"சத்தியமா மேடம், தினமும் தப்பு இருந்துச்சு. என் கையால திருத்தினேன். அப்போ நான் திருத்தினதெல்லாம் என்ன?"

கதவருகே நின்ற ஊமைக்கோட்டான் தொண்டையைச் செருமினான். மூன்று மாதத்தில் முதல்முறையாக அவன் வாயிலிருந்து முழுசாக நாலு வார்த்தை வந்தது.

"அந்த ஃபிரிட்ஜ் மட்டும்தான்க்கா நிஜத் தப்பு, அன்னிக்கு என்னைக் காப்பாத்தினதே நீங்கதான். அப்புறம் தினமும் பிளானை நகலெடுத்து, உங்களுக்காக நானே யோசிச்சு யோசிச்சு ஒரு தப்பு ஒளிச்சு வச்சேன். இப்ப நான் எங்க ஒளிச்சாலும் பத்து நிமிஷத்துல பிடிச்சுடறீங்க, அதனாலதான் என் பழைய நாற்காலிக்கு உங்க பேரை எழுதி நேத்தே மேடம்கிட்ட கொடுத்துட்டேன்."