உடையாத கட்டி

2009 ஜூன் 17, புதன்கிழமை முற்பகல், கட்டடப் பொறியியல் முதுநிலைப் படிப்பின் கடைசி இடத்துக்கு நான் நடத்திய நேர்காணலில், செண்பகவல்லி என்ற மாணவி வயர்க்கூடையிலிருந்து ஒரு கான்கிரீட் கட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். விரிப்பில் தூள் உதிர்ந்தது, கண்டித்தேன், துப்பட்டாவால் துடைத்தாள். ஒரே கலவையில் அவள் வார்த்த மற்ற கட்டிகளெல்லாம் சோதனை இயந்திரத்தில் நொறுங்கியிருந்தன. இது மட்டும் உச்ச அழுத்தத்திலும் விரிசல் விடவில்லை. இதன் முடிவை இளநிலை ஆய்வறிக்கையிலிருந்து நீக்க மறுத்ததால் அவளுடைய மதிப்பெண் குறைந்திருந்தது.

"உள்ள சாமி கீமி இருக்காம்மா?" என்றார் உடனிருந்த பேராசிரியர் குற்றாலிங்கம்.

"தெரிஞ்சிருந்தா நான் ஏன் சார் மேல படிக்க வர்றேன்?"

"கீழ லேப்ல பெரிய மெஷின் இருக்கு. இப்பவே உடைச்சுப் பாத்துருவோமா?"

அவள் இரு கைகளாலும் கட்டியை மூடிக்கொண்டாள். "உடைச்சா தூள்தான் சார் மிஞ்சும். உடைக்காம பாக்கக் கத்துக்கணும்."

நான் கட்டியைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"வெயில்ல கொண்டுவந்தியா?"

"காலையில எடுக்கும்போதே இப்படித்தான் மேடம்."

கடைசி இடத்தைச் செண்பகவல்லிக்கு வழங்குவதென்றும், அவள் கேட்கும்வரை கட்டியை எவரும் உடைக்கக் கூடாதென்றும் முடிவு செய்தோம்.