நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்

மனநல ஆலோசகியின் அறைக்குள் முதல்முறையாக நுழையும் சலூன்காரர், அவள் உட்காரச் சொன்ன நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கிறார். இரண்டு கைகளும் தாமாகவே அதன் முதுகைப் பிடித்துக்கொள்கின்றன. திரை இடுக்கில் நுழையும் மாலை வெயில் காலி இருக்கையில் விழுகிறது. "என்ன சார், வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்று கடையில் கேட்கிற மாதிரியே அவளிடம் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். அவள் சிரிக்கிறாள். "அது உங்க நாற்காலிதான், உக்காருங்க." அவர் நகரவில்லை. கடையில் பக்கத்து நாற்காலியில் முடிவெட்டிவந்த அவர் தம்பி செத்துப்போனதிலிருந்து அவருக்குக் கை நடுங்குகிறது. சவரக்கத்தியைத் தொட்டால் இன்னும் மோசம். கடை பூட்டிக் கிடக்கிறது. "எத்தனை தடவை வந்தா சரியாகும் மேடம்?" "இப்பவே சொல்ல முடியாது, சேர்ந்துதான் பாக்கணும். பேசப் பேச மொதல்ல பாரம் கூடுற மாதிரிகூட இருக்கும்." "கூடட்டும். கடையத் தொறக்காம விடமாட்டேன்." சுற்றி வந்து உட்காருகிறார். சட்டைக் காலரைத் தானே உள்ளே மடித்துவிட்டு, கழுத்தை நிமிர்த்தி, கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொள்கிறார். "அசையாம இருக்கேன், ஆரம்பிங்க." "இங்க அசையலாம்," என்கிறாள் அவள். அவர் கைகளை உருவி மடிமேல், வெயிலில் வைக்கிறார். அவை நடுங்குகின்றன. மறைக்காமல் அவற்றையே பார்த்தபடி, "தம்பிக்கு இடது கைப் பழக்கம்," என்று தொடங்குகிறார்.