சமயபுரத்தைச் சுற்றிப் போன கார்

பக்கத்து வீட்டு ரேடியோ அன்று மத்தியானம் ஏன் அப்படி அலறியது என்று பத்து வயது டோரதிக்குப் புரியவில்லை. பாட்டுக்கு அடியில் யாரோ ஓங்கரிக்கும் சத்தம். சாயங்காலம், அந்த வீட்டு மருமகளுக்கு மாரடைப்பு என்றார்கள்.

இப்போது டோரதி திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் மூத்த நர்ஸ். எதிரே கட்டிலில் ஆனந்தவள்ளி நினைவில்லாமல் கிடந்தாள்.

"என்ன குடிச்சா? சொல்லுங்க."

"நேத்து பரோட்டா சாப்பிட்டா சிஸ்டர். ஃபுட் பாய்சன்" என்றான் அவள் அண்ணன் சுரேஷ்குமார்.

"பரோட்டாவுக்கு வாயில நுரை தள்ளாது தம்பி. எந்த மருந்துன்னு தெரியாம டாக்டர் எதைக் குடுப்பார்?"

சுரேஷ்குமார் போனை உயர்த்திப் படம் பிடித்தான்.

"பாருங்க! உசுருக்குப் போராடுற பொண்ணை வச்சுக்கிட்டு விசாரணை நடத்துறாங்க!"

"நெஞ்சுல ஈரமே இல்லாத பொம்பள" என்றது சுற்றி நின்ற கூட்டம்.

அந்த ரேடியோவைப் போலவே அவன் குரல் ஏறிக்கொண்டே போனது. டோரதி தாயின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, பெத்தவ நீங்க சொல்லுங்க."

இருளாயி மகனைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"வயலுக்கு அடிக்கிற மருந்தும்மா. காலையிலயே."

"காலையிலயா? பொழுது சாயப்போகுதே! உங்க ஊருக்குப் பக்கத்துலயே சமயபுரத்துல ஆஸ்பத்திரி இல்ல?"

"அங்கதாம்மா இவனுக்கு நிச்சயம் பண்ணின பொண்ணு நர்ஸா இருக்கு. தெரிஞ்சா சம்பந்தம் போயிடும்னு வீட்டுலயே மோரைக் குடுத்துப் பார்த்தான். அப்புறம் சமயபுரத்துக்குள்ள வராம காரைச் சுத்தி ஓட்டியாந்தான்."

போன் மெல்லக் கீழே இறங்கியது. கூட்டம் வேறு பக்கம் பார்த்தது. டோரதி டாக்டரிடம் ஓடினாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் குழலி வந்து சேர்ந்தாள். இருளாயிதான் போன் செய்திருந்தாள்.

நிச்சயித்த பெண்ணைப் பார்த்ததும் சுரேஷ்குமார் எழுந்தான். "குழலி, உங்க வீட்டுல மட்டும் சொல்லிடாத..."

குழலி அவனைப் பார்க்கவில்லை.

"அத்தை, இந்த மாதிரி எத்தனையோ பேர் எங்ககிட்ட வர்றாங்க. நேரத்தோட வந்தவங்க எவ்வளவோ பேர் பிழைச்சு, நடந்தே வீட்டுக்குப் போயிருக்காங்க. ஒருத்தர் பேரைக்கூட நான் எங்கம்மாகிட்ட சொன்னதில்ல."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையிலேருந்து டியூட்டியில நான்தான் அத்தை இருந்தேன்."

மறுநாள் ஆனந்தவள்ளி இறந்துபோனாள்.