ஏழு பூவும் ஒரு கருப்புப் புழுவும்

ஒரு ரூமுக்குள்ள, பல்பு வெளிச்சத்துல ஒரு மிளகாய்ச் செடி வளந்துச்சு. அதுக்கு முதல் தடவையா பூ வந்திருந்துச்சு, மொத்தம் ஏழு பூ! ஆனா கூடவே இலைக்கு அடியில அசுவினிப் பூச்சிங்க கும்பலா வந்து சாறு உறிஞ்ச ஆரம்பிச்சிருச்சு.

பக்கத்துல இருந்த வேப்பெண்ணெய் ஸ்பிரே பாட்டிலுக்கு ஒரே குஷி. "நகந்துக்கோ தங்கச்சி! ஒரே அடி, எல்லாம் காலி!"

"ஐயோ அண்ணே, எண்ணெய் பட்டா பூவும் சேந்து கொட்டிடும்!"

"பூ அடுத்த மாசமும் வரும், போ!"

அப்போ ஜன்னல் வழியா முள்ளு முள்ளா, கருப்பா ஒரு புழு ஏறி வந்துச்சு. பாட்டில் அலறிச்சு. "பாரு, அடுத்த திருடன்! மூஞ்சியே சரியில்ல!"

"நான் பொறிவண்டோட பிள்ளை. அசுவினின்னா உசுரு எனக்கு. ரெண்டு நாளா பட்டினி," னு புழு சொல்லிச்சு.

"எல்லாத் திருடனும் இதத்தான் சொல்லுவான்!"

செடி பாட்டில்கிட்ட கெஞ்சிச்சு. "சாயங்காலம் வரைக்கும் பொறுங்கண்ணே. பூச்சி கொறையலன்னா நீங்களே அடிங்க."

பாட்டில் உர்ர்னு செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிச்சு. சாயங்காலம் ஓரக்கண்ணால பாத்தா, ஒரு இலை பளிச்சுன்னு இருக்கு! "சரி, நாளைக்குப் பாப்போம்," னு முணுமுணுத்துச்சு. மறுநாளும் அதையேதான் சொல்லிச்சு.

ரெண்டு வாரத்துல ஆறு பூ பிஞ்சாயிருச்சு. இலைக்கடியில கூட்டுப்புழுவாத் தூங்கின அந்தப் புழு, கருப்புப் புள்ளி வச்ச செகப்பு ரெக்கையோட வெளிய வந்து, நேரா ஊந்து போய் பாட்டில் மூக்குலயே உக்காந்துச்சு.

"அண்ணே, ரெக்க காயிற வரைக்கும் இருந்துக்கட்டுமா?"

பாட்டில், ஒரு சொட்டு கூட வெளிய வந்துடக் கூடாதுன்னு மூச்ச அடக்கிக்கிட்டு நின்னுச்சு.